பாரானுக்கு முந்தைய தங்கல்

ஆகஸ்ட் 4, திங்கள்

பேசாமல் இருந்தது போதும். வெளியே பேச எனக்கு மேடை இல்லை என்றால் இந்தப் பக்கங்களிலாவது பேசிவிடுகிறேன்.

இன்று காலை, நான் பாடம் நடத்தும் இறையியல் கல்லூரி வாசலில் அறிவிப்புப் பலகையைச் சுற்றி மாணவர்கள் நின்றிருந்தார்கள். தேர்வு முடிவாக இருக்கும் என்று கடந்துபோகப் பார்த்தேன். ஒருவன் என்னைக் கண்டதும் பக்கத்தில் இருந்தவனை விலாவில் இடித்தான். அதனால்தான் நின்று படித்தேன். இந்த ஆண்டின் சிறப்புச் சொற்பொழிவுகள், மூன்று உரைகள். பொருள்: எபிரேய வேதத்தில் பாரான் வனாந்தரம். உரையாற்றுபவர்: என் சகலை.

என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். சர்வேயர். பாலைவன நாடு ஒன்றில் எண்ணெய்க் குழாய் போகும் வழியை அளந்து கொடுத்துக்கொண்டு பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவன். எபிரேயத்தில் ஓர் எழுத்து தெரியாது. வந்த நாளிலிருந்து சபை சபையாகப் போய் மணலைப் பற்றியும் வேதத்தைப் பற்றியும் பேசுகிறான். கூட்டம் அள்ளுகிறது. மாணவர்கள் அவனுக்கு ‘ஒட்டகம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், செல்லமாக. எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘அடிக்குறிப்பு’. அதில் செல்லம் எதுவும் இல்லை.

பாரான் என்னுடையது. எழுதும்போது சின்னப் பிள்ளை பொம்மைக்கு அழுவதுபோல் இருக்கிறது, இருக்கட்டும். என் ஆய்வேடு அதைப் பற்றியது. இருபது வருடமாக முடிக்காமல் வைத்திருக்கிறேன் என்றால் அதற்காக அது என்னுடையது இல்லை என்று ஆகிவிடுமா? அந்தப் பெயர் எந்தச் சுருளில் எந்த இடத்தில் வருகிறது, யார் அங்கே ஓடினார்கள், யார் அங்கே துரத்தப்பட்டார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாரும் எழுப்பிக் கேட்கவில்லை.

நூலகர் அம்மா மட்டும் வருத்தப்பட்டுச் சொன்னார்: “சார், இது உங்க சப்ஜெக்ட் ஆச்சே.” அனுதாபம் வாங்கும் நிலைக்கு வந்துவிட்டேன்.

முதல்வரிடம் போய் நின்றேன். “நீங்க பேசினா எங்க நாலு பேருக்குப் புரியும் சார். அவர் பேசினா ஊருக்கே புரியும். தப்பா எடுத்துக்காதீங்க” என்றார். உரைகள் புத்தகமாகவும் வருமாம்.

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மனைவிக்கு முன்பே தெரிந்திருக்கிறது. “உங்ககிட்ட யாரு சொல்றது?” என்கிறாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மாலையில் சகலை குடும்பத்தோடு வந்தான். நான் என் அறையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படிக்கவில்லை. கூடத்தில் அவன் ஏதோ சொல்ல, என் மனைவி சிரித்தாள். அப்படி அவள் சிரித்துக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன். என் நகைச்சுவைகளுக்கெல்லாம் ஒரு விளக்கவுரை தேவைப்படும். அது ஒரு குறைதான்.

சாப்பாடு எடுத்து வைத்தார்கள். கூப்பிட்டார்கள். “வர்றேன்” என்றேன், போகவில்லை. ஆறட்டும் என்று இருந்தேன். கடைசியில் போய்ப் பார்த்தால் ஒருவரும் கை வைக்கவில்லை. சகலைதான் தடுத்திருக்கிறான். “அண்ணன் வரட்டும்” என்றானாம். எப்போதும் இப்படித்தான். பஸ் ஏறுகிறபோதுகூடக் கடைசி ஆள் ஏறும்வரை படியில் காலை வைக்காமல் நிற்பான். பெரிய மேய்ப்பன் என்று நினைப்பு. எல்லாம் பார்க்கிறவர்களுக்காக.

கிளம்பும்போது என் அறை வாசலில் நின்றான். பாலைவனத்திலிருந்து திரும்பிய சமயம் அவன் எனக்குக் கொண்டுவந்து கொடுத்த சிவப்புக் கல்லைக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துச் சிரித்தான். “பரவால்லண்ணே, அதுக்கும் ஒரு வேலை போட்டுக் குடுத்துட்டீங்க.” அவனைப் புண்படுத்தவே முடிவதில்லை. அவனிடம் எனக்குப் பிடிக்காத முதல் விஷயம் அதுதான்.

பிறகு ஒரு கட்டுத் தாளை நீட்டினான். மூன்று உரைகளும். “நீங்க ஒரு தடவ கண்ண ஓட்டிட்டீங்கன்னா எனக்குத் தைரியம் அண்ணே. தப்பா இருந்தா கிழிச்சுப் போட்டுருங்க.”

வாங்கி மேசைமேல் போட்டேன். நேரம் கிடைத்தால் பார்க்கிறேன் என்றேன். எனக்கு நேரத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

படித்துவிட்டேன். இரண்டு தடவை.

முதலில் எரிச்சலான செய்தி: நன்றாக இருக்கிறது. பாரானை அவன் ஒரு நிலமாகப் பார்க்கவில்லை, ஒரு வாசலாகப் பார்க்கிறான். ஊரில் இடம் இல்லாதவர்கள் எல்லாரும் அந்த வழியாகப் போகிறார்கள். அடிமைப்பெண் ஆகாரும் அவள் பையனும் எஜமானர் வீட்டைவிட்டுத் துரத்தப்படுகிறார்கள். பையன் வளர்ந்து வில்லாளியாவது பாரானில். தாவீது தலைக்கு ஆபத்து வந்தபோது இறங்கிப் போவது பாரானுக்கு. ஏதோமின் இளவரசன் ஆதாத், சின்ன வயதில் உயிர் தப்பி எகிப்துக்கு ஓடும் வழியில் துணைக்கு ஆள் சேர்ப்பது பாரானில். எகிப்திலிருந்து வந்த அத்தனை ஜனமும் வேவுகாரரை அனுப்பிவிட்டுக் காத்துக்கிடந்து, பயந்து, அழுது, நுழைய வேண்டிய தேசத்தை இழந்ததும் அங்கேதான். ஆனால் பழைய பாடல்களில் கடவுள் வெளிச்சமாகப் புறப்பட்டு வருவது அரண்மனை மலையிலிருந்து இல்லை, பாரான் மலையிலிருந்து. வேண்டாதவர்கள் போன வழியிலேயே வெளிச்சம் திரும்பி வருகிறது.

இது நான் நினைத்தது. நான் எழுதியிருக்க வேண்டியது. நான் எழுதியிருந்தால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கீழே நாலு வரி சின்ன எழுத்தில் இருந்திருக்கும், யாரும் படித்திருக்கவும் மாட்டார்கள்.

ஆகார் வழிதவறித் தண்ணீர் தீர்ந்து பிள்ளையைச் செடியின் கீழ் விட்டது பெயெர்செபா வனாந்தரத்தில். பாரான் அதற்குப் பிறகுதான். சாதாரணப் பிரசங்கிகள் எல்லாரும் இதைக் குழப்புவார்கள். இவன் சரியாகச் சொல்லியிருந்தான். அதுவும் பிடிக்கவில்லை.

இப்போது நல்ல செய்தி. மூன்றாவது உரையில் வழுக்கி விழுந்திருக்கிறான், அதுவும் முகம் குப்புற.

மிரியாமின் கதை. எகிப்திலிருந்து ஜனத்தை நடத்தி வந்த மோசேயின் அக்காள். கடவுள் மோசேயோடு மட்டும்தானா பேசினார், எங்களோடும் பேசவில்லையா என்று அவளும் உடன்பிறந்த ஆரோனும் முணுமுணுக்கிறார்கள். தம்பிமேல் பொறாமை. ஆரோனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மிரியாமின் தோல் மட்டும் உறைந்த பனிபோல் வெளுத்துவிடுகிறது. ஏழு நாள் பாளையத்துக்கு வெளியே ஒதுக்கி வைக்கிறார்கள். (இந்தப் பாரபட்சத்தைப் பற்றி மட்டும் ஒரு தனி அத்தியாயம் வைத்திருக்கிறேன்.) சகலை என்ன எழுதியிருக்கிறான் என்றால், இது நடந்தது பாரானில். அவளை வெளியே விட்டுவிட்டு ஜனம் கூடாரங்களைப் பெயர்த்துக்கொண்டு அடுத்த கிணற்றுக்குப் போய்விட்டது. அவள் நாள் முடிந்தபிறகு தடம் பார்த்துத் தனியாக நடந்து போய்ச் சேர்ந்தாள். “வனாந்தரத்தின் சட்டம் அது. தண்ணீர் அளந்து வைத்திருக்கும் இடத்தில் ஒருவருக்காகப் பாளையம் நிற்காது. மனம் வெந்து பின்தங்கியவர்கள் நடந்துதான் வந்து சேர வேண்டும்.” மொத்த உரையும் இந்த இடத்தில் வந்து நிற்கிறது. முடிவே இதுதான்.

தலைகீழ். அது நடந்தது பாரானுக்கு முந்தைய தங்கலில், ஆஸரோத்தில். பாளையம் ஓர் அடிகூட நகரவில்லை. மிரியாம் உள்ளே சேர்க்கப்படும்வரை ஜனம் பயணப்படவில்லை என்று பளிச்சென்று சொல்லியிருக்கிறது. அவள் வந்தபிறகுதான் பாரானுக்கே போகிறார்கள்.

எபிரேயம் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, கண் இருந்தால் போதும். ஆனால் அவன் கண்ணால் படிக்கவில்லை, பாலைவனத்தில் பட்ட அனுபவத்தால் படித்திருக்கிறான். அங்கே யாரும் யாருக்காகவும் நிற்க முடியாது என்று அவனுக்கு அவ்வளவு நிச்சயம். நின்றார்கள் என்று எழுதியிருப்பதை மனம் வாங்கவே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. மனம் வெந்து பின்தங்கியவர்கள் — அது யார்? என்னைத் தவிர யார்? என் மேசையில் கொண்டுவந்து வைத்து, என்னையே பார்த்துத் தரச் சொல்லி, எனக்கே குத்து. நல்ல தைரியம்.

ஆகஸ்ட் 13, புதன்

தாள்களைத் திருப்பிக் கொடுத்தனுப்பினேன். மேலே எழுதினேன்: “பார்த்தேன். நன்று.”

பொய் இல்லை. பார்த்தேன். நன்றுதான்.

ஆகஸ்ட் 16, சனி

மூன்றாவது உரைக்குத் தலைமை தாங்க வெளியூரிலிருந்து எபிரேயப் பேராசிரியர் ஒருவர் வருகிறார். அவருக்காகவே அந்த உரையை மட்டும் ஒரு வாரம் தள்ளி, செப்டம்பர் பதினொன்றில் வைத்திருக்கிறார்கள். நாங்கள் அவரைக் ‘கத்திரி’ என்போம். நாலு வருடம் முன்னால் ஒரு கருத்தரங்கில் ஒருவர் கட்டுரையை மேடையிலேயே வரி வரியாக வெட்டினார். அந்த மனிதர் இப்போது விடுதிக் காப்பாளராக இருக்கிறார்.

கத்திரிக்குக் கண் கொஞ்சம் மங்கி வருகிறது, கூட்டத்தில் தூங்குகிறார் என்றும் கேள்வி. எனவே முன்கூட்டியே உதவி செய்வது என் கடமை. இன்று உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். உரையின் கடைசிப் பகுதியைக் குறிப்பாகக் கவனிக்கவும், ஆஸரோத் எங்கே, பாரான் எங்கே, ஜனம் எப்போது புறப்பட்டது என்று உரையாற்றுபவரிடமே சபையில் கேட்கவும். கண்ணியமான நடை. வசை ஒன்றும் இல்லை. பெயரும் இல்லை.

மொட்டைக் கடிதம் எழுதுகிறவர்களை வாழ்நாள் முழுதும் அற்பமாக நினைத்திருக்கிறேன். எழுதிப் பார்த்தால் சுலபமாகத்தான் வந்தது. உறையில் போட்டு ஒட்டிக் கைப்பையில் வைத்திருக்கிறேன். அவர் ஊர் எட்டத் தபாலுக்கு மூன்று நான்கு நாள் ஆகும். அவசரம் இல்லை. இரண்டு உரைகள் போகட்டும், ஒட்டகம் இன்னும் கொஞ்சம் உயரத்தில் ஏறட்டும்.

ஆகஸ்ட் 21, வியாழன்

முதல் உரை. போவதில்லை என்று முடிவு செய்து நூலகத்தில் உட்கார்ந்தேன். ஆனால் போகாவிட்டால் ‘பாத்தியா, வயிறு எரியுது’ என்பார்கள். அதனால் தாமதமாகப் போய்ப் பின்வரிசையில் ஓசையில்லாமல் உட்காரலாம் என்று திட்டம். பாதி முடிந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக் கதவைத் திறந்தால் —

மண்டபம் முழுக்க ஆள். அமைதி. மேடையில் சகலை தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறான். முதல்வர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

“அண்ணன் வந்துட்டாரு. இனி ஆரம்பிக்கலாம்” என்றான், ஒலிபெருக்கியில்.

இருநூறு தலைகள் திரும்பின. முன்வரிசையில் என் மனைவிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி எனக்காக வைத்திருந்தார்கள். நடுவழியாக அத்தனை தூரமும் நடந்தேன். கோர்ட்டில் குற்றவாளி நடப்பதுபோல. பின்னால் ஒரு பையன் “அடிக்குறிப்பு மேல வந்துருச்சு டோய்” என்றான்.

திட்டமிட்டு அவமானப்படுத்துகிறான். வேறென்ன?

உரை ஆகாரைப் பற்றி. பாலைவனத்துச் செடியின் நிழல் எவ்வளவு இருக்கும் என்று கையை விரித்துக் காட்டினான். “ஒரு ஆளு ஒதுங்க முடியாது. ஒரு பிள்ளைய படுக்க வைக்கலாம். அவ்வளவுதான். அதனாலதான் அவ தள்ளிப் போய் உக்காந்தா. பாக்கச் சகிக்காம மட்டும் இல்ல. இருந்த நிழலையும் பிள்ளைக்கே விட்டுட்டா.” மண்டபத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. என் மனைவி கண்ணைத் துடைத்தாள்.

பிள்ளை சாவதைப் பார்க்கச் சகிக்காமல்தான் தள்ளி உட்கார்ந்தாள் என்று காரணத்தை மூலமே சொல்லிவிடுகிறது. நிழலைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆனால் இனிமேல் அந்த இடத்தை நிழல் இல்லாமல் என்னாலும் படிக்க முடியாது. அவன் தாகத்தைப் பார்த்தவன். நான் தாகம் என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணியவன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

“உங்களுக்காக இருபது நிமிஷம் நிறுத்தி வெச்சாரு. ஒரு வார்த்தை நல்லா இருந்துச்சுன்னு சொல்லக் கூடாதா?” என்றாள் மனைவி.

“நிறுத்தச் சொல்லி நான் கேட்டேனா?”

“கேட்டாத்தான் நிறுத்தணுமா?”

 கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். 

ஆகஸ்ட் 28, வியாழன்

இரண்டாவது உரை. நேரத்தோடு போய்விட்டேன். இன்னொரு முறை அந்த நடை வேண்டாம்.

தலைமறைவானவர்களின் பாரான். தாவீது, ஆதாத். அதிலும் ஆதாத் பையன் எகிப்துக்குப் போகும் வழியில் பாரானில் ஆள் சேர்த்த இடம்: “அவங்க யாரு? எதுக்கு அங்க இருந்தாங்க? எழுதல. ஆனா ஊரை விட்டு ஓடி வர்ற ஒரு சின்னப் பையன்கூடப் புறப்பட்டுப் போக அங்க ஆளுங்க இருந்தாங்க. வனாந்தரம் காலியா இருக்குன்னு யாரு சொன்னது?” கைதட்டல்.

அந்தக் கேள்வி என் கேள்வி. முந்தி ஒரு நாள் மொட்டைமாடியில் துணி காயப்போடும் கொடிக்கு நடுவில் நின்று அவனிடம் நான் கேட்டது. திருடிவிட்டான் என்று எழுந்து நிற்கலாமா என்று தொடை துடித்தது. அதற்குள் அவனே, “இது என் கேள்வி இல்லீங்க. எங்க அண்ணன் கேட்ட கேள்வி. அந்தா உக்காந்திருக்காரு. நான் அந்தப் பக்கம் வேலைக்குப் போனதே அன்னைக்கு அவர் பேசினதைக் கேட்டுட்டுத்தான்” என்றான்.

மறுபடி இருநூறு தலைகள்.

திருடியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். திருடனை வெறுக்கலாம். பெயரைச் சொல்லித் திருப்பிக் கொடுக்கிறவனை என்ன செய்வது? என் இருபது வருடம் அவன் உரையில் ஓர் அடிக்குறிப்பு ஆகிவிட்டது. பையன்கள் சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நான் பேசியதைக் கேட்டுவிட்டு அவன் போனான். பேசிய நான் எங்கேயும் போகவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

உறை கைப்பையில் இருக்கிறது. திங்கட்கிழமை போட்டால் சரியாகப் போய்ச் சேரும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மதியம் சகலை வீட்டில் சாப்பாடு. வர மாட்டேன் என்றேன். “அப்ப அங்க ஒருத்தரும் சாப்பிட மாட்டாங்க, அவ்வளவுதான்” என்றாள் மனைவி. போனேன்.

சகலை வீட்டில் இல்லை. பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரைக் கூட்டிவரப் போயிருந்தான். வழக்கம்போல எல்லாரும் வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். பசியில் நான் கொழுந்தியாளிடம் சிடுசிடுத்தேன். “இது என்ன பழக்கம்? தலை எண்ணிட்டுத்தான் சோறு போடணும்னு எந்த வேதத்துல இருக்கு?”

என் மனைவி முறைத்தாள். கொழுந்தியாள் சிரிக்கவில்லை. கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துச் சொன்னாள். அங்கே வேலையில் இருந்தபோது அவனுக்கு ஒரு தடவை நடுப்பாலைவனத்தில் காய்ச்சல் கண்டுவிட்டதாம். வண்டிகளில் தண்ணீர் கொஞ்சம்தான். கூட இருந்தவர்கள் ஒரு கூடாரத்தையும் அவன் பங்குத் தண்ணீரையும் வைத்துவிட்டு அடுத்த முகாமுக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்து தூக்கிக்கொண்டு போகும்வரை தனியாகக் கிடந்திருக்கிறான். வண்டிச் சத்தம் கேட்கிறதா, கேட்கிறதா என்று காதைத் தரையில் வைத்தபடி.

“அவங்க மேல தப்பே இல்லம்பாரு, அத்தான். நானா இருந்தாலும் அதையேதான் செஞ்சிருப்பேன், அங்க சட்டம் அதுதாம்பாரு. ஆனா அதுலேர்ந்து நாங்க நாலு பேரு கடைக்குப் போனாக்கூட தலைய எண்ணுறாரு. கடைசிப் பேச்சுல வர்ற அந்தப் பொம்பளயப் பத்தி எழுதறப்ப அழுதாரு. அவ கத என் கததான்னாரு. நான் சொன்னேன்னு காட்டிக்காதீங்க.”

அதற்குள் அவனும் தபால்காரரும் வந்துவிட்டார்கள். உட்கார்ந்ததும் அவன் கண் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. என்னிடம் வந்ததும் நின்று, அடுத்த ஆளுக்குப் போயிற்று. எண்ணுகிறான். இத்தனை வருடம் இதைக் கெத்து என்று நினைத்திருக்கிறேன்.

என்ன சாப்பிட்டேன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

தபால் பெட்டிவரை போய்த் திரும்பி வந்துவிட்டேன்.

முதலில் தோன்றியது என்ன தெரியுமா? அவமானம். பின்தங்கியவர்கள் என்று அவன் எழுதியது என்னை இல்லை. மூன்று வாரமாக அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நெஞ்சில் தீ மூட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருந்தேன். அவன் என்னை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. குத்துவதற்குக்கூட நான் தேறவில்லை. மிரியாமாக அவன் தன்னைத்தான் நிறுத்தியிருக்கிறான்.

அது எப்படி? பொறாமைப்பட்டவள் மிரியாம். அந்த இடம் என் இடம். அதையும் எடுத்துக்கொண்டானா?

செப்டம்பர் 2, செவ்வாய்

வகுப்பில் மனம் இல்லை. மூல வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். ஜனம் பயணப்படவில்லை. பின்பெஞ்சில் ஒருவன், “சார், பஸ் வரலையா?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், அதற்குப் பிறகுதான் அவர்கள் பயந்து அமைதியானார்கள்.

பாலைவனத்தில் வாழ்ந்தவன் சொல்கிறான், நிற்க முடியாது என்று. நம்புகிறேன். ஆடுமாடு, பிள்ளைகுட்டிகளோடு அத்தனை ஜனம். தண்ணீர் அளந்துதான் இருந்திருக்கும். ஒரு நாள் தாமதித்தாலும் ஆபத்து. இருந்தும் நின்றார்கள். யாருக்காக? நோயாளிக்காகக்கூட இல்லை, வாய்விட்டுப் பொறாமைப்பட்டு மாட்டிக்கொண்ட ஒருத்திக்காக. இருபது வருடமாக இந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஆஸரோத் எந்த மேட்டில் இருந்தது என்றுதான் தேடினேனே தவிர, நின்றார்கள் என்பது எவ்வளவு பெரிய பைத்தியக்காரத்தனம் என்று எனக்கு உறைக்கவே இல்லை. அது உறைக்க அவனுடைய தப்பு தேவைப்பட்டது. இதையும் அவனுக்குத்தான் எழுத வேண்டியிருக்கிறது, கணக்கில்.

இதை அவனிடம் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்கு அப்பட்டமாகத் தெரிகிறது. தனியாகக் கூடாரத்தில் கிடந்தவன் அந்த மேடையில் நின்று, அவர்கள் நின்றார்கள், அவளை விட்டுவிட்டுப் போகவில்லை என்று சொல்வான். சொல்லும்போது அவன் குரல் உடையும். மண்டபம் எழுந்து நிற்கும். கத்திரியே கைதட்டுவார். புத்தகம் எங்கேயோ போய்விடும். நான் வாழ்க்கை முழுக்க எழுத ஆசைப்பட்ட பக்கம் அவன் வாயிலிருந்து வரும்.

சொல்லாவிட்டால் கிழிந்துபோவான். அந்த மேடையிலேயே, அவன் கதை என்று அவன் நம்பும் கதையிலேயே.

மனமே, எது வேண்டும் உனக்கு?

இரண்டும் வேண்டாம். நான் எழுதியிருக்க வேண்டும். அதுதான் வேண்டும். அது இனி இல்லை.

செப்டம்பர் 3, புதன்

கத்திரிக்கு எழுதிய உறையைப் பிரித்தேன். நல்ல நடைதான். கிழிக்க மனம் வரவில்லை, கிழித்துவிட்டேன்.

மதியம் ஆசிரியர் அறை காலியாக இருந்தபோது உட்கார்ந்து வேறொன்று எழுதினேன். ஒரே பக்கம். தட்டச்சில். ஆஸரோத்தில் பாளையம் நின்றது, பாரானுக்கு அதற்குப் பிறகுதான் போனார்கள், மூலத்தில் எந்த வரி, அதை எப்படிப் படிக்க வேண்டும் என்று. “பொறாமை பிடித்தவளையும் உள்ளே சேர்த்துக்கொள்ளாமல் பாரானுக்குள் யாரும் போகவில்லை” என்று முடித்தேன். முடித்ததும் அந்த வாக்கியத்தை விட்டுக்கொடுக்க அழுகை வந்தது. நல்ல வாக்கியம். நான் எழுதியதிலேயே நல்ல வாக்கியம். ஒலிபெருக்கியில் அவன் குரலில் கேட்கப்போகிறேன்.

ஜன்னல் காற்றில் தாள் பறந்தது. வீட்டில் என்றால் அந்தக் கல்லை எடுத்து மேலே வைத்திருப்பேன். இங்கே தேநீர்க் குவளையை வைத்தேன். ஓரத்தில் அரைவட்டமாகக் கறை படிந்துவிட்டது. மறுபடி அடிக்கப் பொறுமை இல்லை.

நேரில் கொடுக்கலாம். தெரு தாண்டினால் அவன் வீடு. கொடுத்தால் கட்டிப்பிடிப்பான். மேடையில் அண்ணன் சொன்னது என்பான். மூன்றாவது முறையாக இருநூறு தலைகள் திரும்பும், எல்லாருக்கும் நான் பெருந்தன்மைக்காரன் ஆகிவிடுவேன். அது நான் இல்லை. எனக்கு அவன்மேல் இன்னும் பொறாமைதான், இந்த நிமிடமும், தபால்தலையை நாக்கில் நனைக்கும்போதும். நன்றியை வாங்கிக்கொண்டு அந்தப் பொறாமையை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

எனவே தபாலில்தான். பெயர் போடவில்லை. கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது என்பேன்.

மடிக்கும்போதுதான் கவனித்தேன். ஆற்றில் விடப்பட்ட குழந்தை மோசேயின் கூடையைப் பார்த்துக்கொண்டு அன்று காத்து நின்ற அக்காள் இந்த மிரியாம்தான், அவள் நின்றதற்காகத்தான் பின்னாளில் ஜனமெல்லாம் அவளுக்காக நின்றது என்று பழைய உரைகாரர்கள் சொல்வதுண்டு. மூலத்தில் அந்த அக்காளின் பெயர் இல்லை என்பதையும் கவனிக்கவும் என்று, பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில், என்னை அறியாமலே தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன்.

ஒட்டகத்துக்கு இந்த அடிக்குறிப்பு போதும். பார்த்த உடனே யார் என்று தெரிந்துவிடும்.

அழித்துவிட்டு வேறு அடிக்கலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். வேண்டாம். இப்படியே, கையெழுத்து இல்லாமல், நாளைக் காலைத் தபாலில் போட்டுவிடுகிறேன்.